ஜி.எஸ்.டி. ரோடும் ஜி.எஸ்.டி. இல்லாத பெட்ரோலும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். பொத்தேரிக்கு அடுத்தது காட்டாங்குளத்தூர். ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறதே ஒரு பெரிய சாலை, அதற்கு ஜி.எஸ்.டி. ரோடு என்று பெயர். 'கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு' என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரைச் சுருக்கி நம்மவர்கள் இப்படி ஆக்கிவிட்டார்கள். 2017 ஜூலை முதல் தேதி அதே மூன்றெழுத்தில் ஒரு வரியும் பிறந்தது. சாலையின் இருமருங்கிலும் உள்ள கடைகளில் சோப்பு வாங்கினாலும் சரி, சட்டை வாங்கினாலும் சரி, ஜி.எஸ்.டி. கட்டாமல் வெளியே வர முடியாது. ஆனால், வாசகர்களே, அதே சாலையில் வரிசையாக நிற்கும் பெட்ரோல் பங்க்குகளில் மட்டும் ஜி.எஸ்.டி. கிடையாது!

உடனே சந்தோஷப்பட்டு விடாதீர்கள். வரியே கிடையாது என்று அர்த்தமில்லை. மத்திய சர்க்காரின் கலால் வரி ஒரு பக்கம், மாநில சர்க்காரின் விற்பனை வரி மறுபக்கம். கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தையும் புதிய வரிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே எப்போது அழைப்பது என்பதை மாநில மந்திரிகளும் மத்திய மந்திரியும் கூடிய சபைதான் முடிவு செய்ய வேண்டும். இதை எழுதும் வரையில் அழைக்கவில்லை. உங்கள் சமையலறைக்கு வரும் காஸ் சிலிண்டரோ உள்ளேதான் இருக்கிறது. அதற்கு நூற்றுக்கு ஐந்து.

எண்ணெய் விஷயமே இப்படித்தான். மற்றப் பொருள்களுக்கு ஒரு நியாயம், இதற்குத் தனி நியாயம். ஒரு சொட்டுப் பெட்ரோலுக்கு எத்தனை எஜமானர்கள் என்று எண்ணிப் பார்த்தால் திரௌபதியின் கதை நினைவுக்கு வரும். அந்த எஜமானர்கள் யார் யார், அவர்களில் யார் உங்களைக் காப்பாற்றுகிறவர், யார் வெறுமனே முத்திரை குத்துகிறவர் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதல் எஜமானர் நாக்பூரில் இருக்கிறார். ஆரஞ்சுப் பழம் விளையும் நாக்பூருக்கும் காட்டாங்குளத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். 1898-ல் வெடிமருந்து இலாகாவாகத் தொடங்கிய பழைய ஸ்தாபனம் அது. பெட்ரோல் பங்க்கில் நீங்கள் பார்ப்பது மேலே நிற்கும் பம்பு மட்டும். விஷயம் தரைக்கு அடியில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் தொட்டிகள், குழாய்கள், ஆவி வெளியேறும் உயரமான குழல். இந்தத் தொட்டிகளுக்கு லைசென்ஸ் தருவது வெடிபொருள் இலாகா. அதற்கும் முன்னால் ஜில்லா கலெக்டரிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும்.

இதற்கு ஆதாரமான சட்டம் எந்த வருஷத்தது தெரியுமா? 1934! விதிகளைப் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறார்கள். சட்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். எண்ணெயை அது ஜாதி பிரிக்கும் விதம் சுவாரஸ்யமானது. எவ்வளவு சூட்டில் ஆவியாகித் தீப்பற்றும் என்று பார்த்து வகுப்புப் பிரிக்கிறது. 23 டிகிரிக்குக் கீழேயே பற்றக்கூடியது 'ஏ' வகுப்பு. பெட்ரோல் அந்த ரகம். அதற்கு மேலே 65 டிகிரி வரை 'பி' வகுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் அதில் சேரும். சித்திரை மாதத்துச் செங்கல்பட்டு வெயிலை நினைத்துக்கொண்டு அந்த 23 டிகிரியை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் பெட்ரோல் எப்போதும் பற்றுவதற்குத் தயாராகவே இருக்கிறது.

ஸ்கூட்டருக்காக வீட்டில் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? விற்பனைக்கு இல்லாத பட்சத்தில் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமானால் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கக்கூடாது; உலோகப் பாத்திரமானால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்களே, அந்தப் பாட்டிலைப் பற்றி 1934-ல் யாரும் கனவு கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

எண்ணெய்த் தீ என்றால் என்னவென்று சென்னைப் பட்டணத்துக்கு ஒரு தரம் நன்றாகவே புரிந்தது. 1914 செப்டம்பர் 22-ந்தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து குண்டு வீசியபோது, அது குறி வைத்தது துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைத்தான். தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்தே ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். கப்பல் போய்விட்டது, 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் லைசென்ஸ் கொடுக்கிறவரும் வெள்ளைக்காரர், எண்ணெய் விற்கிறவரும் வெள்ளைக்காரர். சுதந்திரம் வந்த பிறகும் பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் என்ற மூன்று கம்பெனிகள்தான் கடையை நடத்தின. எண்ணெய் எங்கிருந்து வந்தாலும் அமெரிக்காவின் மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வந்ததாகப் பாவித்து, அங்கத்திய விலையையும் கப்பல் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பக்கத்துப் பாரசீகத்திலிருந்து வந்த எண்ணெய்க்கும் அமெரிக்கக் கப்பல் கூலி! நம் மளிகைக் கடைக்காரர் யாரும் இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இதை உடைக்கக் கிளம்பியவர் மந்திரி கே.டி. மாளவியா. 1956-ல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கமிஷன் உருவாயிற்று. அந்த வருஷத்துத் தொழிற் கொள்கைத் தீர்மானம், இனி எண்ணெய்த் தொழிலின் வளர்ச்சி சர்க்காரின் பொறுப்பு என்றது. 1958-ல் குஜராத்தில் காம்பேயிலும், 1960-ல் அங்கலேஷ்வரிலும் எண்ணெய் கிடைத்தது. 1959-ல் இந்தியன் ஆயில் கம்பெனி. மறு வருஷம் ஆகஸ்டில் ரஷ்யாவிலிருந்து டீசல் ஏற்றிய கப்பல் பம்பாயில் வந்து நின்றபோது மூன்று கம்பெனிகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டன. நம் மணலியில் சுத்திகரிப்பு ஆலைக்கென 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனி ஏற்பட்டு, 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியது. அமெரிக்க அமோகோவும் ஈரான் தேசத்து எண்ணெய்க் கம்பெனியும் அதில் கூட்டாளிகள். 1974-க்கும் 1976-க்கும் நடுவில் வெளிநாட்டுக் கம்பெனிகள் மூன்றும் சர்க்கார் வசமாயின. எஸ்ஸோவும் கால்டெக்ஸும் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் கலந்தன. பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று.

ஆக, பிறகு சுமார் இருபது வருஷம் விற்கிறவரும் சர்க்கார், விலை போடுகிறவரும் சர்க்கார், மேற்பார்வையும் சர்க்கார். ஒழுங்காகத்தானே இருந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. ஏழைகளின் விளக்குக்காக மண்ணெண்ணெயை மலிவாகக் கொடுத்தார்கள். பெட்ரோலும் டீசலும் விலை அதிகம். மலிவான எண்ணெயை விலை கூடிய எண்ணெயில் கலந்தால் என்ன ஆகும்? வண்டியின் என்ஜின் கெடும். கலந்தவர் வீட்டில் மாடி எழும்பும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் சேர்த்துப் பார்த்தார்கள். சாயத்தை விடப் பணத்தின் நிறம் கெட்டி.

இந்தக் கலப்படத்தைப் பிடிக்கப் போனவர் ஒருவரின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சுநாத் சண்முகம் என்று பெயர். கோலார் தங்கவயல் பக்கத்துப் பிள்ளை. லக்னோவில் இந்திய மேலாண்மைக் கழகத்தில் படித்துவிட்டு இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனில் அதிகாரியாகச் சேர்ந்தவர். கூடப் படித்தவர்கள் எத்தனையோ பெரிய சம்பளங்களைத் தேடிக்கொண்டு போக, இவருக்கு உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி ஜில்லாவின் பெட்ரோல் பங்க்குகளைச் சோதனை போடும் வேலை. ஒரு பங்க்கில் கலப்படம் கண்டு பிடித்து மூடி முத்திரை வைத்தார். பங்க் மறுபடி திறந்தது. மறுபடி சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19-ந்தேதி இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. 2015-ல் உச்ச நீதிமன்றம் குற்றவாளிகள் ஆறு பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இதோடு நிற்கவில்லை. 2011 ஜனவரி 25-ந்தேதி மகாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டைத் தடுக்கப் போன கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவணே உயிரோடு எரிக்கப்பட்டார்.

லைசென்ஸ் என்றால் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய காகிதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காகிதத்தை மெய்யென்று எடுத்துக்கொண்ட இருவர் இவர்கள்.

உங்கள் கையிலும் ஒரு சோதனை இருக்கிறது, அம்மா. பங்க்கில் வடிகட்டித் தாள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். குழாயின் மூக்கைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தாளில் விடுங்கள். இரண்டு நிமிஷத்தில் கறை இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். கறை தங்கினால் சந்தேகம்தான். அளவில் சந்தேகமா? முத்திரையிட்ட ஐந்து லிட்டர் படி ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் குற்றம். தமிழ்நாட்டில் எடை அளவு முத்திரை தொழிலாளர் துறையின் பொறுப்பு. பாருங்கள், பெட்ரோலின் தரத்துக்கு ஒருவர், அளவுக்கு வேறொருவர், தொட்டிக்கு நாக்பூர்க்காரர்!

விலைக்கு யார்? 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சர்க்கார் கையிலிருந்து விட்டது. 2014 அக்டோபரில் டீசலையும் விட்டது. 2017 ஜூன் 16 முதல் தினம் ஒரு விலை என்று ஆயிற்று. கம்பெனிகள்தான் விலை வைக்கின்றன என்பது சட்டப்படி உண்மை. தேர்தல் நெருங்கும்போது விலை ஏன் அப்படி அசையாமல் யோக நிஷ்டையில் அமர்ந்துவிடுகிறது என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் விளக்கம் கிடையாது.

புதிதாக பங்க் நடத்த விரும்பும் கம்பெனிக்கும் மத்திய சர்க்கார் அனுமதி வேண்டும். முன்பு எண்ணெய்த் தொழிலில் 2,000 கோடி ரூபாய் முதலீடு செய்தவர்களுக்கே அந்த அனுமதி. 2019 நவம்பரில் அதைத் தளர்த்தி, 250 கோடி ரூபாய் சொத்து மதிப்பு இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் நூறு பங்க்காவது திறக்க வேண்டும், அதில் நூற்றுக்கு ஐந்து எட்டாக் கையான ஊர்களில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பங்க் திறக்க எல்லோரும் வருவார்கள், மலைக் கிராமத்துக்கு யார் போவார்?

தரைக்கு மேலே இப்படியென்றால், தரைக்குக் கீழே இருக்கும் எண்ணெய் யாருடையது? கடலுக்கு அடியில் இருந்தால் அரசியல் சாசனப்படி மத்திய சர்க்காருடையது. நிலத்தில் தோண்டுவதற்குக் குத்தகை தருவது மாநில சர்க்கார். ஆனால் மத்திய சர்க்காரின் முன் சம்மதம் வேண்டும். 1948-ம் வருஷத்துச் சட்டமும் 1959 விதிகளும் வகுத்த முறை இது. 2025-ல் பழைய சட்டத்தைப் பெரிதாகத் திருத்தினார்கள். காவிரிப் படுகையில் இந்த லைசென்ஸ் விஷயம் எவ்வளவு சூடு பிடித்தது என்பது உங்களுக்கே ஞாபகமிருக்கும். 2017-ல் புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசலில் பெண்களும் குழந்தைகளுமாக உட்கார்ந்துவிட்டார்கள். டில்லியில் ஒப்பந்தம் போட்டவர்கள் வயலின் சொந்தக்காரரைக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுடைய ஒரே வாதம். பலமான வாதம் என்பது என் அபிப்பிராயம். 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேற்றி, டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதைத் தடுத்தது. முன்பே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை.

இனி, சமையலறைக்கு வருவோம். காட்டாங்குளத்தூரைச் சுற்றிப் புதிய அடுக்கு மாடி வீடுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. 2018-ல் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் ஒன்பதாவது சுற்று ஏலம் விட்டது. நாட்டில் 86 பிரதேசங்களை ஏலத்தில் வைத்து, எந்தப் பிரதேசத்தில் யார் குழாய் வழியாக வீடுகளுக்கு காஸ் கொடுப்பது என்று போட்டி. அப்போது காட்டாங்குளத்தூர் காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் செங்கல்பட்டு தனி ஜில்லா ஆகிவிட்டது. எரிவாயுப் படமோ பழைய எல்லைகளை வைத்துப் போட்டது.

இந்த வாரியத்தின் சரித்திரம் சற்று வேடிக்கையானது. 2006-ல் சட்டம். 2007 அக்டோபரில் வாரியம் வேலை தொடங்கியது. ஆனால் குழாய் போட அனுமதி தரும் 16-வது பிரிவை மட்டும் சர்க்கார் அமலுக்குக் கொண்டுவரவில்லை. போலீஸ்காரருக்குத் தொப்பியும் சட்டையும் கொடுத்துவிட்டு விசிலை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்தது போல! 2010 ஜனவரியில் டில்லி ஹைகோர்ட் இதைச் சுட்டிக் காட்டியது. அந்த வருஷம் ஜூலையில்தான் விசில் கைக்கு வந்தது. வாரியத்தின் உத்தரவு பிடிக்காவிட்டால் அப்பீல் எங்கே தெரியுமா? மின்சார அப்பீல் தீர்ப்பாயத்தில். காஸ் வழக்கை மின்சாரக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. 2012-ல் டில்லியில் ஒரு காஸ் கம்பெனி குழாய்க்கும் அழுத்தத்துக்கும் வசூலிக்கும் கட்டணத்தை வாரியம் குறைத்து உத்தரவு போட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2015 ஜூலை முதல் தேதி உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. வீட்டுக்காரர்களுக்கு விற்கும் விலையை நிர்ணயிக்கச் சட்டம் வாரியத்துக்கு அதிகாரம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தில் இல்லாததைக் கோர்ட்டு எப்படிக் கொடுக்கும்?

இப்போது இதையும் ஏல நிபந்தனையையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்பதாவது சுற்றில் ஜெயித்த கம்பெனிக்கு அந்தப் பிரதேசத்தில் 25 வருஷம் குழாய் போடும் தனி உரிமை. எட்டு வருஷம் விற்கும் தனி உரிமை. ஏலத்தில் மதிப்பெண் போட்ட விதம்: எத்தனை வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பேன் என்று சொல்கிறாரோ அதற்குப் பாதி மார்க்கு. ஆகவே எல்லோரும் லட்சக் கணக்கில் சொன்னார்கள். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். சொன்னதைச் செய்யாவிட்டால் வாரியம் வங்கி உத்தரவாதப் பணத்தில் கை வைக்கலாம். தெருவுக்கு ஒரே குழாய், குழாய்க்கு ஒரே சொந்தக்காரர், விலைக்குக் கட்டுப்பாடு இல்லை என்றால் இல்லத்தரசியின் கதி என்ன? அதற்கு வழி என்று சட்டம் சொல்வது இதுதான்: விற்பனைத் தனி உரிமைக் காலம் முடிந்த பிறகு, வேறு கம்பெனியும் கட்டணம் கட்டி அதே குழாயில் தன் காஸை அனுப்பி விற்கலாம். 2018-ஐயும் எட்டையும் கூட்டினால் 2026. ஆனால் காலத்தை நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறது; குழாய் பொதுவானது என்று வாரியம் அறிவிக்கவும் வேண்டும். உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் குழாய் காஸ் பேச்சு வரும்போது, எங்கள் பகுதிக்குத் தனி உரிமை எதுவரை என்று கம்பெனிக்காரரைக் கேளுங்கள். கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு.

குழாயில் வரும் காஸின் மூலம் தூரத்தில் இல்லை. எண்ணூரில் 2019 மார்ச்சில் திறந்த இந்தியன் ஆயில் முனையத்தில், சுழியத்துக்குக் கீழே சுமார் 160 டிகிரி குளிரில் திரவமாக்கிய இயற்கை எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. வருஷத்துக்கு 50 லட்சம் டன் இறக்கும் சக்தி அதற்கு.

குழாய் வரும் வரையில் சிலிண்டர்தானே? அதன் கழுத்தில் உள்ள தகட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஏ, பி, சி, டி என்ற எழுத்துக்களில் ஒன்றும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே டி வரை. இலக்கம் வருஷம். அந்தத் தேதிக்குள் சிலிண்டரை மறுபடி சோதனை செய்திருக்க வேண்டும். புதுச் சிலிண்டருக்குப் பத்து வருஷத்தில் முதல் சோதனை, பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். காலி எடையும் அங்கேயே எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்ந்தால் மொத்த எடை. கொண்டு வருகிறவரைத் தராசில் நிறுத்திக் காட்டச் சொல்லலாம். கோபித்துக்கொள்ள அவருக்கு நியாயமில்லை.

மாணவர் விடுதிகளும் மெஸ்களும் டீக்கடைகளும் நிறைந்த இந்தப் பிராந்தியத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர் தனி. வீட்டுச் சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டுவது 2000-ம் வருஷத்து உத்தரவுப்படி குற்றம். அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் வழக்கு வரும்.

சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படுத்திருக்கும். குழாய் காஸ் லேசு. மேலே எழும்பிப் போகும். இரண்டுக்கும் சுயமாக வாசனை கிடையாது. அந்தக் கெட்ட நாற்றத்தை நம் மூக்குக்காகவே கலக்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம், அணைந்ததைப் போடவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர்க் கசிவுக்காகவே இரவு பகல் திறந்திருக்கும் எண் அது.